நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

1. தகுதி போதாது

"தகுதி போதாது." பொதுச் சுகாதார முதுமாணிக் கற்கைநெறிக்கு நான் முதன்முதல் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதில் அவ்வளவுதான்.

அப்போது நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதியாக இருந்தேன். எனக்குக் கீழே குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது சனம் மிட்வைஃப் என்று கூப்பிடும் பிள்ளைகள், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரசவ வலி வந்த பெண்ணை உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இடம்பெயர்ந்த இடத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்து தடுப்பூசி போட்டிருக்கிறேன். எனக்குத் தகுதி போதாதாம். அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் அடுத்த முறை எதைத் திருத்துவது என்று தெரியாமல் போகும் என்பதால் மட்டும்தான்.

இதை வாசிக்கும் தாதிய மாணவிகளுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சிப் பாடசாலையில் எங்களுக்குக் கிடைத்தது டிப்ளோமா. வார்ட்டில் சில வருசம் வேலை செய்த பிறகு பொதுச் சுகாதாரப் பக்கம் வருவதற்கு இன்னொரு பயிற்சி. அதுவும் பட்டம் ஆகாது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் பட்டம் ஆகாது. முதுமாணிக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு இளமாணிப் பட்டம் இருக்க வேண்டும். வேலையை விடாமல் அதைத் தொலைக்கல்வியில் செய்யலாம். நான் செய்தேன். பகலில் கிளினிக், பின்னேரம் பாடம், விடுமுறை நாளில் பரீட்சை. என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கிடையாது. ஆகவே வழி கேட்கவும் ஆள் இல்லை. தவறான கந்தோருக்குப் போய்த் திட்டு வாங்கித்தான் சரியான கந்தோரைக் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று. முதுமாணியிலும் இரண்டு வகை உண்டு. வகுப்பும் பரீட்சையும் மட்டும் உள்ளது ஒன்று. ஆய்வு செய்து தீசிஸ் எழுதுவது மற்றது. முதலாவது சுலபம். ஆனால் பிறகு எம்.பில்., பி.எச்டி. என்று மேலே போக நினைத்தால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். சேருவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். பதில் சொல்லத்தான் அங்கே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இளமாணி முடித்துத் திரும்ப விண்ணப்பித்தேன். தெற்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் எடுத்தது. ஆய்வு சேர்ந்த கற்கைநெறி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அநேகமானவை ஒன்லைனில். பரீட்சைக்கும் சில வகுப்புகளுக்கும் மட்டும் நேரில் போக வேண்டும்.

2. சிஸ்டர் இதைப் படித்து என்ன செய்யப் போகிறார்

முதல் வகுப்புக்கு நேரில் போனேன். வட்டமாகக் கதிரை போட்டு ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகம் செய்யச் சொன்னார்கள். டொக்டர்மார், பெரிய நிறுவனங்களில் திட்ட முகாமையாளர்கள், ஒரு பல் வைத்தியர். என் முறை வந்ததும் கிளிநொச்சி, தாதி என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த இளம் டொக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். நான் எழுதுவது என் தமிழில்.

"சிஸ்டர், நீங்கள் இதைப் படிச்சு என்ன செய்யப் போறீங்கள்?"

"டொக்டர் படிச்சு என்ன செய்யப் போறீங்களோ, அதைத்தான்."

ஒரு ஆள் மட்டும் சத்தமாகச் சிரித்தார். அவர்தான் பாடம் நடத்த வந்திருந்த கலாநிதி நிலந்தி. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். என்னை விட வயது குறைவு. பிறகு என் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக, நாங்கள் சொல்லும் சுப்பவைசராக, வந்தவரும் அவர்தான். ஆனால் அன்று அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

முதலாவது புள்ளிவிபரவியல் ஒப்படையில் நான் பெயில். நிலந்தி மெடம் என்னை வகுப்பு முடிய நிற்கச் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளை குட்டியைப் பார்க்கச் சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"கறியில உப்புப் பாக்க முழுச் சட்டியையும் குடிப்பீங்களோ?"

"இல்லை."

"எத்தனை கரண்டி?"

"ஒண்டு."

"அந்த ஒண்டு எடுக்க முதல் என்ன செய்வீங்கள்?"

"கலக்குவன்."

"இவ்வளவுதான் சாம்பிளிங். மிச்சம் எல்லாம் கணக்கு. கணக்குப் பழகலாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்து எல்லோரும் திரையை விட்டுப் போன பின் அவர் எனக்காக இருப்பார். இதற்கு அவருக்கு ஒரு சதம் கிடைக்கவில்லை. நான் நன்றி என்று சொல்லப் பழகாத ஆள். அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

3. சனிக்கிழமைகள்

ஆய்வுக்குக் கர்ப்பிணித் தாய்மாரின் உணவை எடுத்தேன். காரணம் கோபம். எங்கள் கிளினிக்கில் இரத்தச்சோகை உள்ள தாய்மார் வந்துகொண்டே இருந்தார்கள். மாத்திரை கொடுக்கிறோம், சத்துமா கொடுக்கிறோம், அடுத்த மாதமும் வெளுத்த முகத்தோடு வருகிறார்கள். இந்தச் சனத்துக்குச் சாப்பாடு இல்லை, மேலே இருப்பவர்களுக்கு அது தெரியவில்லை, தெரிந்தாலும் கவலை இல்லை என்பது என் முடிவு. ஆய்வு தொடங்கும் முன்னமே முடிவு என் கையில் இருந்தது.

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த இளம் டொக்டர். நல்ல மனிசன். ஆனால் ஓடிற் என்கிற கணக்காய்வு என்றால் அவருக்குப் பயம்.

"சிஸ்டர், படியுங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனா ஒபிஸ் நேரத்தில உங்கட தீசிஸ் வேலை வேண்டாம். ஓடிற் வந்தா உங்களைக் கேக்காது. என்னைத்தான் கேக்கும்."

"ஒபிஸ் ஸ்கூட்டியும் வேண்டாமோ டொக்டர்?"

"பெற்றோல் உங்கட எண்டா ஸ்கூட்டி என்ர கண்ணில படேல்லை."

வேலை நாட்கள் இல்லை. ஞாயிறு வகுப்பு. மிஞ்சியது சனிக்கிழமை. ஆகவே சனிக்கிழமைகளில் வெயில் ஏற முன் புறப்பட்டு அக்கராயன் பக்கத்து வீடுகளுக்குப் போனேன். வயலுக்கு நடுவில் கிரவல் ரோட்டு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பாட்டம் தூசி.

உணவு ஆய்வில் நாங்கள் பயன்படுத்தியது எளிமையான முறை. முதல் நாள் விடிய எழும்பியதில் இருந்து படுக்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். கோப்பை, கரண்டி, அகப்பை எல்லாவற்றின் படமும் காட்டி அளவு கேட்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டை ஒருவரால் நினைவில் வைத்துச் சொல்ல முடியும். ஒரு கிழமைச் சாப்பாட்டைக் கேட்டால் கற்பனைதான் வரும்.

"நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன். காலையில் வெறும் தேத்தண்ணி. மத்தியானம் சோறு, பருப்பு, கத்தரிக்காய், சொதி. இரவு இடியப்பம் அல்லது புட்டு, சம்பல். அடுத்த வீட்டிலும் அதுதான். அதற்கடுத்த வீட்டில் கத்தரிக்காய்க்குப் பதில் பூசணிக்காய். மீன் இல்லை. முட்டை இல்லை. இறைச்சி இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளைத் தவிர, வீட்டுக்கு வீடு இல்லை இல்லை என்று எழுதி என் கை வலித்தது. ஸ்கூட்டியை வீதியோரம் நிறுத்திவிட்டுக் குளக்கட்டைப் பார்த்தபடி நின்று ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றி முடித்ததும் தீசிஸின் கலந்துரையாடல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். போர் முடிந்து இத்தனை வருசமாகியும் வன்னித் தாயின் சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டு மீன் இல்லை என்று தொடங்கினேன். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் டொக்டரும் வாசித்துவிட்டு மாவட்டக் கூட்டத்தில் அதைப் பற்றிச் சொல்லிவிட்டார். உதவி செய்யும் ஒரு நிறுவனம் உடனே கர்ப்பிணிகளுக்கு டின் மீன் கொடுக்கலாம் என்று முன்வந்தது. முழு அறிக்கை கிடைத்தால் வேலையைத் தொடங்குவார்களாம்.

4. கேட்கக் கூடாத கேள்வி

தீசிஸ் ஒப்படைக்கும் கடைசித் திகதிக்குச் சில கிழமைகள் இருந்தன. ஏற்கனவே ஒரு முறை தவணை கேட்டு வாங்கியிருந்தேன். இன்னொரு முறை தருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திகதி தவறினால் பதிவு ரத்தாகலாம். பதிவு போனால் நான் திரும்ப முதலில் இருந்து தொடங்கப் போவதில்லை. அந்த வயதும் பொறுமையும் என்னிடம் இல்லை.

அந்த நேரத்தில் நிலந்தி மெடம் போன் எடுத்தார்.

"உங்கட அட்டவணையைப் பாத்தன். மீன் சாப்பிட்ட ஆக்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரில முக்கால்வாசி ஏன் கிறிஸ்தவ ஆக்கள்?"

எனக்கு உச்சியில் ஏறியது. பட்டினியைப் பற்றி எழுதி அனுப்பினால் இவர் சமயம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? அவையளுக்கு ஆரும் வெளிநாட்டில இருந்து காசு அனுப்பினமாக்கும்."

"அது உங்கட டேட்டாவில இருக்கோ?"

"எல்லாம் டேட்டாவில இருக்குமோ? எங்கட சனம் பட்டினி எண்டா உங்களுக்கு நம்பேலாதோ?"

"நம்பாட்டி நான் ஏன் கேள்வி கேக்கிறன்? நம்பாத ஆள் பேசாமல் கையெழுத்து வைச்சு அனுப்பும்."

"நீங்கள் ஒருக்கா இஞ்ச வந்து நிண்டு பாத்திட்டுக் கதையுங்கோ மெடம்."

போனை வைத்துவிட்டேன். ஒரு பல்கலைக்கழக ஆசிரியருக்கு நான் செய்த மரியாதை அது. மூன்று நாள் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

5. யசோ வீட்டுக் குசினி

அந்தக் கிழமை புதன்கிழமை வேலை விசயமாக அக்கராயனுக்குப் போனேன். அந்தப் பகுதி மிட்வைஃப் ரஜனி ஒரு தாய்க்குப் பிரசர் கூடுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தாள். தாயின் பெயர் யசோ. என் ஆய்வில் கடைசியாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி. இரண்டாவது பிள்ளை வயிற்றில். வாய்க்காரி.

படலையைத் திறக்கும்போதே மீன் குழம்பு மணத்தது. புளியும் வெந்தயமும் போட்டுக் கொதிக்கிற மணம். பிரசர் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன பிள்ளை, மீனோ?"

"ஓம் சிஸ்டர். குளத்து மீன். அவர் விடிய வலையோட போனவர். இருங்கோ, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"இண்டைக்கு எண்டபடியால் மீனோ?"

"என்ன கேக்கிறியள்? குளத்தில தண்ணி நிக்கிற காலம் முழுக்க மீன்தான். மீன் இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. முதல் பிள்ளைக்கு மசக்கை நேரமும் மீன் சொதிதான் குடிச்சனான்."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப அண்டைக்கு நான் வந்து கேக்கேக்க மீனோ இறைச்சியோ, மச்சம் ஒண்டும் சாப்பிடேல்லை எண்டெல்லோ சொன்னனீ? எழுதி வைச்சிருக்கிறன்."

யசோ அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், நீங்கள் நேற்று என்ன சாப்பிட்டனீங்கள் எண்டுதானே கேட்டனீங்கள்?"

"ஓம்."

"நீங்கள் வந்தது சனிக்கிழமை. நேற்று எண்டா வெள்ளிக்கிழமையெல்லோ. வெள்ளிக்கிழமை ஆர் மச்சம் சமைக்கிறது? நீங்கள் சமைக்கிறனீங்களோ?"

ரஜனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிஸ்டர் வெள்ளிக்கிழமையில மீன்காரன்ர ஹோர்ன் கேட்டாலே கதவைச் சாத்துவா."

"சும்மா இரு ரஜனி."

"இல்லை சிஸ்டர், நீங்கள் எல்லாரிட்டையும் சனிக்கிழமையோ போனனீங்கள்?"

யசோ தந்த பலகையில் இருந்தேன். என் வீட்டுக் குசினியில் மச்சத்துக்கு ஒரு சட்டி, மரக்கறிக்கு ஒரு சட்டி. வெள்ளிக்கிழமை மச்சச் சட்டி அலுமாரிக்குள் இருந்து வெளியே வராது. பிறந்ததில் இருந்து அப்படித்தான். மற்றவர்கள் மரக்கறி மட்டும் சொன்னபோது எனக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அதே வெள்ளிக்கிழமை நானும் மரக்கறிதான் சாப்பிட்டிருந்தேன். வெளியூர் ஆள் ஒருவர் இந்தக் கேள்வியோடு போயிருந்தால், முதல் நாளே யாரிடமாவது கேட்டிருப்பார். மீன் சாப்பிட்டவர்கள் ஏன் கிறிஸ்தவர்கள் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. அவர்களுக்கு அது சாதாரண வெள்ளிக்கிழமை.

யசோ ஒரு கோப்பையில் சோறும் மீனும் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். சாப்பிட்டேன். நல்ல குழம்பு. அதையும் சொல்ல வேண்டும்.

6. டின் மீன்

பணிமனைக்குத் திரும்பி டொக்டரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு கூட்டத்தில் தான் பேசியது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்தினார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், நான் சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ. அப்பிடியே குடுத்திடுங்கோ. தெற்கில ஆருக்கு எங்கட வெள்ளிக்கிழமை தெரியப் போகுது? பட்டத்தை எடுங்கோ. பிறகு வேற ஆரும் திரும்பச் செய்யட்டும்."

அவர் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நானும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய். சொன்னால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குள் திகதி போய்விடும். பதிவும் போகலாம். இத்தனை வருசம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தது வீண். சொல்லாவிட்டால் சில மாதத்தில் பட்டம்.

என்னைத் திருப்பியது நேர்மை என்று சொல்ல மாட்டேன். டின் மீன்தான். குளத்தில் இருந்து துடிக்கத் துடிக்க மீன் வருகிற வீட்டுக்கு முன்னால் ஒரு லொறி வந்து நின்று, யசோவின் கையில் டின் மீனைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அவள் வாங்குவாள். சும்மா தந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள். ஆனால் அதற்குக் காரணம் என் தீசிஸ் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு அந்த ஊருக்குள் நான் எந்த முகத்தோடு ஸ்கூட்டியில் போவது? அத்தோடு, முகம் வெளுத்த தாய்மார் அப்படியே இருப்பார்கள். காரணம் மீன் இல்லாதது என்று நாங்கள் எழுதி மூடியிருப்போம்.

நிலந்தி மெடத்துக்குப் போன் எடுத்தேன். போனை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். வாயில் வந்தது வேறு.

"மெடம், என்ர டேட்டா முழுக்க வெள்ளிக்கிழமை."

விளக்கிச் சொன்னேன்.

"எல்லாமோ?"

"எல்லாம்."

"திகதி எல்லாம் சனிக்கிழமையில விழுந்திருக்கு எண்டு நானும் பாக்கேல்லை. பாத்திருக்க வேணும்." பிறகு, "எறிஞ்சு போடாதேங்கோ" என்றார்.

"எதை?"

"அந்த டேட்டாவை. ஒரு ஊர்த் தாய்மார் எல்லாரும் வெள்ளிக்கிழமை என்ன சாப்பிடுகினம் எண்டு உங்களிட்ட இருக்கு. அப்பிடி ஒண்டு ஆரிட்டையும் இல்லை. மற்ற நாளையும் எடுங்கோ. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைப்பம். உங்களிட்ட ரத்தச்சோகைக்குப் பதில் இல்லை. இனித் தேடுவம்."

"எனக்கு நேரம் தருவினமோ?"

"தெரியாது. நான் போய்க் கேக்கிறன். தராட்டி ரெண்டு பேரும் சேந்து பேச்சு வாங்குவம்."

அவர் உண்மையில் போனார். கற்கைக் குழுவின் முன்னால் நின்று, இது மாணவியின் பிழை மட்டும் இல்லை, மேற்பார்வை செய்த என் பிழையும்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர் எனக்கு அதைச் சொல்லவில்லை. குழுவில் இருந்த இன்னொருவர் பிறகு சொன்னார். ஒரு வருசம் தந்தார்கள். ஒழுக்கவியல் குழுவின் அனுமதியைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வட்சப்பில் படம் போட்டார்கள். அந்த வட்சப் குழுவைச் சில காலம் நான் திறக்கவில்லை.

7. மற்ற நாட்கள்

டொக்டரின் எண்ணம் மாறிவிட்டது. மாவட்டக் கூட்டத்தில் எழும்பி, அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அறிக்கை வரும்வரை பொறுங்கள் என்று சொன்னார். அந்த வயதில் ஒரு டொக்டர் அப்படிச் சொல்வது சின்ன விசயம் இல்லை. எனக்கு வேலை முடிந்தபின் பின்னேரங்களில் போக ஒழுங்கு செய்து தந்தார்.

"ஸ்கூட்டி இப்பவும் கண்ணில படேல்லையோ டொக்டர்?"

"யானை வர முதல் திரும்பி வாங்கோ. அது மட்டும் கண்ணில படும்."

ரஜனி தன் பாட்டுக்கு என்னோடு வந்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று கிழமையைக் கலந்து போனோம். இன்னும் பிரசவிக்காத பழைய தாய்மாரிடமும், புதுத் தாய்மாரிடமும். புதுத் தாய்மாரிடம் சனிக்கிழமை போய் வெள்ளிச் சாப்பாடும் கேட்டோம், மற்ற நாள் சாப்பாடும் கேட்டோம். பெரும்பாலான வீட்டில் குளத்து மீன் இருந்தது. கருவாடு இருந்தது. முட்டை சில வீட்டில் இருந்தது, சில வீட்டில் விற்பனைக்குப் போனது. உண்மையில் இல்லாத வீடுகளும் இருந்தன. அவற்றை இப்போது தனியாகக் காட்ட முடிந்தது. முன்பு எல்லா வீட்டையும் பட்டினி என்று எழுதியபோது அந்த வீடுகள் அதற்குள் மறைந்துபோயிருந்தன.

நிலந்தி மெடம் ஒரு கேள்வியை மட்டும் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். நேற்று இரும்புச்சத்து மாத்திரை போட்டீர்களா? கிளினிக்கில் நாங்கள் இதைக் கேட்பதுதான். "மாத்திரை போடுறனீங்களோ?" என்று கேட்போம். "ஓம்" என்பார்கள். நாங்களும் எழுதுவோம். எந்த நாள் என்று கேட்டதில்லை.

யசோதான் முதலில் போட்டு உடைத்தாள். வயிறு பெருத்து, காலை நீட்டி இருந்தபடி சொன்னாள்.

"விரத நாளில அதை எப்பிடிப் போடுறது சிஸ்டர்? வெறும் வயித்தில போட்டா பிரட்டிக்கொண்டு வரும். வெள்ளி, செவ்வாய் விட்டிடுவன்."

"செவ்வாயும் விரதமோ?"

"இந்தப் பிள்ளைக்கு எண்டு நேத்தி வைச்சிருக்கிறன். சதுர்த்தியும் இருக்கிறன். சஷ்டி வந்தா அது ஆறு நாள். வயித்தில பிள்ளை இருக்கேக்கதானே கூட விரதம் இருக்க வேணும்? பேந்து எங்க நேரம்?"

"இதை ஏன் கிளினிக்கில சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. சொன்னா விரதத்தை விடச் சொல்லிப் பேசுவியள்."

உண்மைதான். பேசித் திட்டியிருப்பேன்.

பிறகு வீட்டுக்கு வீடு அதே கதை. பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டும் என்று தாய் விரதத்தைக் கூட்டுகிறாள். விரத நாளில் மாத்திரையை விடுகிறாள். மாத்திரையின் கடதாசியைப் பார்த்தால் மிச்சம் தெரியும். யாரும் ஒளிக்கவில்லை. நாங்கள்தான் பார்க்கவில்லை. எல்லா இரத்தச்சோகையும் அதனால்தான் என்று நான் எழுதவில்லை. அப்படி எழுத என் ஆய்வுக்குப் பலம் போதாது. ஆனால் இது நடக்கிறது என்பதைக் காட்டப் போதும். அந்த வித்தியாசத்தைப் பழகத்தான் நான் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது.

ரஜனியும் நானும் தாய்மாரிடம் விரதத்தை விடச் சொல்லவில்லை. ஒரு நேரச் சாப்பாடு என்றால் அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போடுங்கள், விடாதீர்கள் என்றோம். சதுர்த்தி, சஷ்டி என்று விரதம் கூடும்போது எங்களுக்குச் சொல்லுங்கள், பேச மாட்டோம் என்றும் சொன்னோம். யசோ என்னை நம்பாமல் ரஜனியைப் பார்த்துக் கேட்டாள், "உண்மையாப் பேச மாட்டாவோ?"

8. வைவா

வாய்மொழிப் பரீட்சைக்கு மூன்று பரீட்சகர்கள். நடுவில் இருந்த வயதானவர் என் தீசிஸைப் புரட்டியபடி நேரடியாகக் கேட்டார்.

"உங்கட முதலாவது கட்டம் ஒரு திட்டமிடல் பிழை. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறீங்கள். ஒரு பிழைக்கு ஏன் நாங்கள் பட்டம் தர வேணும்?"

நிலந்தி மெடம் பின்வரிசையில் இருந்தார். அவர் பேச முடியாது. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிழைக்குத் தர வேண்டாம் சேர். பிழையைக் கண்டுபிடிச்ச பிறகு என்ன செய்தன் எண்டது ரெண்டாம் கட்டத்தில இருக்கு. அதுக்குத் தாறதெண்டா தாங்கோ."

அவர் சிரிக்கவில்லை. இன்னும் நிறையக் கேள்வி கேட்டார். சிலதுக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றேன். வெளியில் காத்திருக்கச் சொன்னார்கள். நான் அங்கே கிடந்த நீள வாங்கில் இருந்தபடி சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகளை எல்லாம் வாசித்து முடித்தேன். பிறகு நிலந்தி மெடம் வந்தார். சில திருத்தங்களோடு சித்தி, பாஸ் என்றார்.

அப்போதுதான் என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது. "அண்டைக்கு நான் போனை வைச்சதுக்கு..."

"விடுங்கோ சிஸ்டர். உங்களுக்குக் கோபம் இல்லாட்டி நீங்கள் இந்தப் படிப்புக்கே வந்திருக்க மாட்டீங்கள். ஆனா ஆய்வு முறை எண்ட அத்தியாயத்தில கோபத்தை எழுதேலாது."

இந்தப் பட்டத்தால் என் சம்பளம் கூடவில்லை. பதவியும் மாறவில்லை. எங்கள் சேவையில் தாதி ஒருத்தி முதுமாணி முடித்தால் அவளை எந்தக் கட்டத்துக்குள் போடுவது என்று யாருக்கும் தெரியாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். மாற்ற வேண்டியவர்கள் இதை வாசிக்கிறார்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொள்ளட்டும். ஆனால் போனதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. போகாமல் இருந்திருந்தால், மாத்திரை போடுகிறாயா என்று கேட்டு, ஓம் என்று எழுதி, முகம் வெளுத்த தாய்க்குப் பேசிப் பேசியே நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

ஆகவே இளைய பிள்ளைகளே, போங்கள். டிப்ளோமாவோடு நிற்காதீர்கள். இளமாணியை எடுங்கள், ஆய்வு சேர்ந்த முதுமாணியை எடுங்கள், முடிந்தால் அதற்கு மேலும் போங்கள். உங்களிடம் கோபம் இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள், வழிச் செலவுக்கு உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் எதிர்பார்த்ததையே உங்கள் டேட்டா சொன்னால், அந்த இடத்தில் நின்று அதை இரண்டாம் தரம் பாருங்கள். நான் நிற்கவில்லை. என்னை நிறுத்துவதற்கு ஒரு மனுசி கிடைத்தார். நான் அவர்மேல் பாய்ந்தேன், அவர் எனக்காகப் போய்ப் பேச்சு வாங்கினார். எனக்குக் கிடைத்த படிப்பில் பெரும் பங்கு அதுதான்.